விலையைக் குறைக்கப் போன ஜிவிலே

என் அக்கா ஜிவிலே கோபத்தில் ஆரம்பித்த தொழில் அது. அந்தக் கோபத்துக்குக் காரணம் நான்தான் என்று அவள் சொல்வாள். நான் நீர்க்காகங்களைச் சொல்வேன்.

ஷ்வென்சியோனிஸ் என்ற ஊர்ப் பக்கம் எனக்குக் கெண்டை மீன் குளங்கள் இருக்கின்றன. வசந்தத்தில் பனிக்கட்டி உருகியதும் நீர்க்காகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிவிடும். வெடி போட்டால் சில நாள் பயப்படும், பிறகு அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து மீனை விழுங்கும். அவை உண்மையில் அஞ்சியது கையில் பிடிக்கும் பச்சை லேசருக்கு மட்டும்தான். விடியும் நேரத்தில் அந்த ஒளிக்கோட்டைத் தண்ணீர்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனால், யாரோ நீளமான தடியோடு வருவதாக நினைத்து மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்துவிடும். அப்படிப்பட்ட லேசரை ஒழுங்காகச் செய்தது தலைநகர் வில்னியஸில் ஒரே ஒரு நிறுவனம். டார்ச் லைட் அளவுதான் இருக்கும். விலை மட்டும் ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய காரின் விலை.

அந்த நிறுவனத்தில்தான் அக்கா லென்ஸ் பொருத்தும் வேலையில் இருந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், என் குளத்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தவளிடம் நான் புலம்பினேன்.

"உங்க முதலாளி எங்களை உரிக்கிறாரு. ஒரு குழாய், ஒரு பேட்டரி, முன்னாடி ஒரு கண்ணாடி. அதுக்கு இந்த விலையா?"

"நானும் அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

உள்ளே போகும் பாகங்கள் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். அவற்றை எப்படிக் கூட்டினாலும் விற்கும் விலையின் பக்கத்தில்கூட வராது. அந்த ஆண்டு அவள் சம்பள உயர்வு கேட்டபோது, லாபம் அவ்வளவு இல்லை என்று முதலாளி வைதோதாஸ் சொல்லியிருந்தார். பொய் சொல்கிறார் என்று அவள் முடிவுகட்டினாள். புத்தாண்டு பிறந்ததும் வேலையை விட்டாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, உங்கள் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு நானே செய்யப் போகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கோபப்படவில்லையாம். செய்து பார் என்று மட்டும் சொன்னாராம்.

முதல் லேசர் பனி விலகுவதற்குள் தயாராகிவிட்டது. பார்த்தால் நிறுவனத்துடையதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது. பறவைகள் வந்து இறங்கியதும் குளக்கரையில் நின்று அக்கா பொத்தானை அழுத்த, ஒளி எதிர்க்கரை நாணல்வரை கத்தி போலப் பாய்ந்தது. பறவைகள் எழுந்தன. நான் கை தட்டினேன். இரண்டாவது குளத்துக்கு நடந்து போவதற்குள் ஒளி மங்கிவிட்டது. குழாயைத் தொட்டால் சுட்டது. ஒரு நீர்க்காகம் எங்களைப் பார்த்தபடியே ஒரு மீனைப் பிடித்து விழுங்கியது.

அவ்வளவு சின்ன உடம்புக்குள் பிறக்கும் சூட்டுக்குப் போக்கிடம் இல்லை. பெரிய இயந்திரமாக இருந்தால் மின்விசிறி வைக்கலாம், தண்ணீர் ஓடவிடலாம். கையில் பிடிப்பதற்கு அதெல்லாம் முடியாது. அலுமினியக் குழாயை விட்டுவிட்டு, உள்ளே சூட்டை இழுத்துக்கொள்ளும் செம்பைக் கடைந்து வைத்தாள். கடைசல்காரர் கேட்ட கூலியைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்தது டயோடு. ஒளியை உண்டாக்கும் அந்தக் கடுகளவுத் துண்டைப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே பெட்டியில் வந்தவையே ஒன்றுபோல் இருக்கவில்லை. சில சீக்கிரம் சூடேறின, சிலவற்றின் ஒளி கோணலாக விழுந்தது. பழைய நிறுவனம் ஆண்டு முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதால், விற்கிறவர்களே நல்லதைப் பொறுக்கி அனுப்புவார்கள். கொஞ்சமாக வாங்கிய அக்காவுக்கு மிச்சம்தான் வந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போயிற்று. அந்தக் குப்பையின் விலையையும் மற்றதன்மேல்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

பட்டறை என்று அவள் வைத்துக்கொண்டது என் தீவனக் கிடங்கின் ஒரு மூலையை. லென்ஸில் ஒரு தூசு உட்கார்ந்தாலும் அந்த ஒளி அதைப் பொசுக்கி, கண்ணாடியில் கரும்புள்ளி போட்டுவிடும். தீவன மாவு பறக்கிற இடத்தில் இது நடக்கிற காரியமா? வில்னியஸில் இருந்த தன் வீட்டுக் குளியலறைக்கு மாறினாள். வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி தூசைக் கீழே இறக்கியபின், ஈரம் காயும்வரை காத்திருந்து உள்ளே போவாள். அதற்குப் பிறகு யாருக்கும் அனுமதி இல்லை.

"மாமா, ஊர்ல எல்லாருக்கும் அம்மா இருக்காங்க. எங்க வீட்டுல மட்டும்தான் குளிக்க முன்பதிவு பண்ணணும்" என்று அவள் மகள் அவுஸ்தே என்னிடம் போனில் சொன்னாள்.

அந்தக் குளிர்காலத்தில் லென்ஸைப் பிடித்துவைக்கும் பசை ஏமாற்றியது. வீட்டில் நேராக நின்ற லென்ஸ், குளக்கரைக் குளிரில் மயிரிழை நகர்ந்துவிட, கோடாகப் போக வேண்டிய ஒளி கூழாகப் பரவியது. நிறுவனத்தில் என்ன பசை போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது அவர்கள் பல ஆண்டு தோற்றுக் கண்டுபிடித்தது, அதைத் தொடமாட்டேன் என்றாள். தானே தேட ஆரம்பித்தாள். சேமிப்பு கரைந்தது. காலையில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். விட்டுவிடு என்று நான் சொன்னேன். பேக்கரி அடுப்புப் பக்கமும் குளிரறையிலும் மாற்றி மாற்றித் தன் லென்ஸுகளை வைத்துப் பார்க்க அந்தக் கடை முதலாளி அனுமதி கொடுத்துவிட்டார் என்று பதில் வந்தது.

கடைசியில் பசை பிடித்தது. சூடும் குளிரும் அதை அசைக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் ஒரு விடியலில் இருவரும் கரைக்கு வந்தோம். ஒளி எல்லாக் குளங்களையும் கடந்தும் மங்கவில்லை. பறவைகள் எழும்பியபோது அக்கா மகிழ்ச்சியில் கையையும் அவற்றோடு உயர்த்திவிட்டாள். ஒளி மேட்டுச்சாலையில் வந்த ஒரு லாரியின் கண்ணாடியைக் கடந்தது. லாரி கிரீச்சிட்டு, வரப்பை ஒட்டி நின்றது.

அக்கா ஓடினாள். ஓட்டுநர் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான்தாங்க. கையில இருந்தது லேசர். வாங்க, இப்பவே கண் டாக்டர்கிட்ட போலாம்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. மின்னல் மாதிரி வந்துச்சு, போயிடுச்சு."

"ஒண்ணுமில்லன்னு அவர் சொல்லட்டும்."

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. நிறுவனத்து லேசரில் முனையைக் கொஞ்சம் மேலே தூக்கினாலும் ஒளி தானாக அணைந்துவிடும். எதற்கு இந்தச் செலவு என்று அதை அவள் விட்டிருந்தாள். இனி அதுவும் வந்தது. சாவி போட்டால்தான் எரியவிடும் பூட்டும் வந்தது. கையைவிட்டு நழுவினால் ஒளியை மறைத்து மூடிக்கொள்ளும் சின்னக் கதவும் வந்தது. எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று சான்று தரும் பரிசோதனைக்கூடத்தின் கட்டணமும் வந்தது.

இலையுதிர் காலத்தில் மீன் வளர்ப்போர் கண்காட்சியில் ஒரு சின்ன மேஜை எடுத்தாள். விலைச்சீட்டை வைத்தபோது நான் எட்டிப் பார்த்தேன். பழைய நிறுவனத்தின் விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

மதியம் வைதோதாஸ் வந்தார். நரைத்த தாடி, பொத்தான் போடாத கோட்டு. வணக்கம் சொல்லிவிட்டு லேசரை எடுத்தார். சுவரை நோக்கிப் பிடித்து இயக்கினார். முனையைத் தூக்கினார், ஒளி அணைந்தது. தாழ்த்தினார், வந்தது. பேசிக்கொண்டிருக்கையில் அதை நெடுநேரம் எரியவிட்டு, உள்ளங்கையால் குழாயைப் பொத்திப் பார்த்தார். விலைச்சீட்டைப் படித்தார்.

"மூணுல ஒரு பங்கு இல்லையே."

"இல்லைங்க. நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்."

"அதை விடு. பழுதாகித் திரும்பி வர்றதைக் கணக்குல சேர்த்தியா?"

அக்கா விலைச்சீட்டைத் திரும்பப் பார்த்தாள். சேர்த்திருக்கவில்லை.

"சேர்த்து விலையை ஏத்து. இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த மேஜை காலியாயிடும். எனக்கு அது பிடிக்கலை."

"உங்களுக்கு நல்லதுதானே?"

"என் டப்பாவைப் பார்த்து டப்பா செஞ்சவன் நிறைய பேர் இருக்கான். பத்து நிமிஷம் எரிஞ்சா அதெல்லாம் மெழுகுவத்தி. எனக்குப் போட்டின்னு வந்தது நீ மட்டும்தான், ஜிவிலே. போட்டியே இல்லாம கிழவனாகறது சலிப்பா இருக்கு."

லேசரை எடுத்த இடத்தில் பதமாக வைத்துவிட்டுப் போனார். அக்கா விலைச்சீட்டைக் கிழித்து, விலையை ஏற்றிப் புதிதாக ஒன்று எழுதினாள்.

இப்போது அவள் பேக்கரிக்குப் போவதில்லை. குளியலறையும் வீட்டாருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, தனியாக அறை எடுத்துவிட்டாள். லாட்வியாவிலும் போலந்திலும் குளம் வைத்திருப்பவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். யாராவது என் கரைக்கு வந்து, கையில் இருப்பதைப் பார்த்து எந்த நிறுவனத்துடையது என்று கேட்டால், எங்க அக்கா செஞ்சது என்பேன். அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. தம்பி என்பதால் தள்ளுபடி கேட்டேன். முழு விலையும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.