வலியசாலையில் ஒரு வெறுங்கால் வீடு

"அந்த அக்கா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் பிளானே போடுவாவ" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே சித்தப்பா சொன்னார். அந்த நொடியிலேயே நான் பாதி திருவனந்தபுரம் போய்விட்டேன்.

சித்தப்பா அங்கே அந்த அக்காவிடம் கொத்தனார். அவர் சொன்ன அக்கா, ஈவா. நார்வேயில் பிறந்த கட்டடக்கலைஞர். கேரளத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. இப்போது வலியசாலை அக்ரகாரத்தில், பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்காக அவருடைய பழைய வீட்டை மாற்றிக் கட்டுகிறார். கட்டடக்கலை மூன்றாம் வருஷம் படிக்கிற எனக்குச் சோறு இறங்கவில்லை. கண் தெரியாத ஒருவருக்கு எதை வரைந்து காட்டுவது?

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினேன். இருபது ரூபாய் டிக்கெட், எழுபது கிலோமீட்டர் சொச்சம், ஜன்னலோரம். இரணியல் தாண்டியதும் தூறல். குழித்துறையில் ஆறு புகை மாதிரிக் கிடந்தது. பாறசாலையில் பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் உருண்டு மலையாளமாகியிருந்தது. தென்னைகளுக்குள் வீடுகள் வந்து வந்து கரைந்தன. தூங்கினேனா, விழித்திருந்தேனா, சத்தியமாகத் தெரியாது.

திருவனந்தபுரம் ஸ்டேஷனுக்கு வெளியே, தம்பானூரில் ஆட்டோ. நாற்பது ரூபாய். வலியசாலை என்றதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளக்கார மதாம்மா பணி நடத்துற வீடோ மோளே?"

"ஆமா சேட்டா. அவங்களைத் தெரியுமா?"

"அவங்க தமிழ் கேட்டிட்டுண்டோ? அடிபொளி! எங்க மாமியார்கூட அப்படித் திட்டாது."

ஈவா மலையாளத்துக்கு முன்னால் கற்றது தமிழ். அதுவும் நாகர்கோவில், திருநெல்வேலிக் கொத்தனார்களிடம், சாரத்தின்மேல் நின்றபடி. வாசலிலேயே எனக்குக் கிடைத்தது: "ஏ பிள்ளே, செருப்ப வெளிய விடு. தரை பாவம்லா?"

நரைத்த பொன்முடி, முழங்கால்வரை சிமெண்ட். "எங்கூர்ல காலு வருசம் பூரா கம்பளி உறைக்குள்ள ஒறங்கும். இங்க வந்தபொறவுதான் எனக்குக் காலு இருக்கதே தெரிஞ்சுது. இங்க எல்லாரும் வீட்டுக்குள்ள வெறுங்காலு. அப்போ தரையில எழுதலாம்லா?"

எழுதித்தான் இருந்தார். வழவழத்த சிவப்புத் தரையில், சுவரிலிருந்து கையெட்டும் தூரம் தள்ளி, வாசலிலிருந்து அடுக்களைவரை ஒரு சாண் அகலத்துக்குக் கரடான கருங்கல். திரும்பும் இடத்தில் மரப்பலகை. முற்றத்துக்கு முன்னால் குழிகுழியாகக் கொத்திய கல். அங்கே நிற்க வேண்டும். கண்ணை மூடி நடந்து பார்த்தேன். கல் சொரசொரத்தது, மரம் கதகதத்தது, முற்றத்து ஈரக்காற்று கன்னத்தைத் தொட்டது. யாருடைய கனவுக்குள்ளோ கேட்காமல் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்காரர் மணி மாமா, ஓய்வுபெற்ற ஆடிட்டர். அவர் மனைவி லலிதா மாமி காப்பியை நீட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்: "நாளைக்குப் பெங்களூர்லேந்து பிள்ளை வரான். இவர் துணையில்லாம நடமாடறதைப் பார்த்தாத்தான் எங்களை இங்கே விடுவானாம். இல்லேன்னா அழைச்சுண்டு போயிடுவான். பதினாலாவது மாடி, கேட்டியா."

பத்து மணிக்கு ஒத்திகை. "எல்லாரும் வாயை மூடிண்டிருங்கோ" என்று மாமா கல்லில் கால் வைத்தார். ஐந்தாறு எட்டு நன்றாகத்தான் போனார். கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். வலது கை காற்றைத் துழாவியது.

"நம்ம ஆத்துக் கூடம் இல்லையே இது? லலிதா, நான் எங்கே இருக்கேன்?"

ஈவா மண்டியிட்டுக் கல்லைத் தடவினார். கல்லில் குறையில்லை. பிறகு சுவரைப் பார்த்தார். "இங்க நின்ன அலமாரி எங்க?"

மாமி முந்தானையை இறுக்கிக்கொண்டார். "எதுலேயும் இடிச்சுண்டு விழப்படாதேன்னு... அலமாரி, அரிசி டிரம், நாற்காலி எல்லாத்தையும் காலம்பறவே உள்ளறைக்குத் தள்ளச் சொல்லிட்டேன்."

"மாமி, அவரு இடிக்கட்டும்! வருசக்கணக்கா இடிச்சுப் பழகின எடம்லா?" என்ற ஈவா, தன் தலையிலும் ஒரு தட்டு தட்டிக்கொண்டார். "நானும் பெரிய இவ. காலையே பாத்துட்டுக் கையை மறந்துட்டேன்."

அலமாரி தேக்கு. "ஏட்டி, படிச்சவளே, சும்மா நிக்காத! அந்த மூலையப் புடி" என்று சித்தப்பா அதட்டினார். நாலு பேர் மூச்சிரைக்க இழுத்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தோம்.

மாமா மறுபடி கிளம்பினார். அலமாரியை உள்ளங்கையால் தட்டினார். டிரம்மின் விளிம்பில் விரலை ஓட்டினார். முழங்கால் நாற்காலியில் இடித்தது. "சனியனே, நீ இன்னும் இங்கேதான் இருக்கியா?" என்று ஆசையாகத் திட்டினார். கொத்திய கல்லில் நின்றார், மரப்பலகையில் திரும்பினார், அடுக்களை நிலையைப் பிடித்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. மாமி மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

நாகர்கோவிலில் எங்கள் வீடு முழுக்க ஒரே டைல்ஸ். வாசலும் சமையலறையும் காலுக்கு ஒன்றுதான். இத்தனை நாள் அதை அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். மாமா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு அவன் பெல் அடிச்சா யாரும் எழுந்திருக்கப்படாது. நான்தான் போய்த் திறப்பேன்."

மாமி தலையாட்டினார். பிறகு, "சரி" என்று வாய்விட்டுச் சொன்னார்.