ஊசியக்கா பார்த்த ஹைட்ரஜன்

ஆய்வகத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். உலோகக் கலவையைக் குச்சியாக வெட்டி, அமிலத்தில் தோய்த்துத் தோய்த்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாத கூர்மைக்குக் கொண்டுவருவது அவள் வேலை. மின்னழுத்தம் கொடுத்தால் அந்த ஊசி நுனியிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறக்கும். எது எங்கே இருந்தது என்று இயந்திரம் சொல்லும். பத்து ஊசியில் ஏழு பாதியிலேயே முறியும். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவள்.

புதிதாக வருகிற படித்த பிள்ளைகளுக்கு அவள் முதலில் சொல்வது ஒன்றுதான். "இந்த மெஷின் வயித்துலயே ஹைட்ரஜன் இருக்கு. எவ்வளவு காத்தை உறிஞ்சினாலும் முழுசாப் போகாது. திரையில பார்த்ததும் துள்ளாதீங்க."

அவளே ஒருநாள் துள்ளினாள். ஊருக்குத்தானே உபதேசம்!

அவள் கணவர் கிரேன் மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு முன் அவர் முறுக்கிய போல்ட் ஒன்று மூன்றாம் நாள் உடைந்து, கூட்டாளியின் கால் நசுங்கிப்போனது. விசாரணையில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவரேதான் சொல்லிக்கொண்டார், அளவுக்கு மீறி முறுக்கிவிட்டேன் என்று. அன்றிலிருந்து ஸ்பேனரைத் தொடாமல் சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டிலும் இருக்கிறார் என்று பேர்தான்.

ஹைட்ரஜன் புகுந்தால் வலுவான எஃகும் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அது அவளுக்குத் தெரியும். மேலதிகாரி அம்மாளிடம் அனுமதி வாங்கி, உடைந்த போல்ட்டிலிருந்து ஊசி செய்தாள். திரையில் ஹைட்ரஜன் தெரிந்ததுதான் தாமதம், வீட்டுக்கு ஓடினாள்.

"ஏங்க, உங்க கை மேல தப்பு இல்லைங்க. ஹைட்ரஜன்தான் உடைச்சிருக்கு."

அவர் சிரித்தார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையிலேயே அவள் நெஞ்சு குறுகுறுத்தது. அந்த போல்ட்டில் ஹைட்ரஜன் இருந்திருந்தால் எப்போதோ கசிந்து போயிருக்கும். அவள் பார்த்தது இயந்திரத்துடையது. உடைந்த போல்ட் வந்த அதே பெட்டியில் மிச்சமிருந்த புது போல்ட்டில் ஊசி செய்து, எடை கூடிய ஹைட்ரஜனை ஏற்றினாள். இயந்திரத்தில் கிடப்பது லேசான வகை. இரண்டும் அவ்வளவாகக் குழம்பாது. ஏற்றியது தப்பித்துப் போகாதபடி உடனே உறையவைத்து உள்ளே அனுப்பினாள். ஒரு வாரம் போனது; எட்டாவது ஊசிதான் தாங்கியது. எஃகுக்குள் நெருக்கிக் கிடக்கும் நுண்ணிய மணிகள் ஒன்றையொன்று தொடுகிற விளிம்பில் அந்த ஹைட்ரஜன் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "இந்த எஃகு ஹைட்ரஜனைப் பிடிச்சு வச்சுக்குது. அது நிஜம். ஆனா உங்க போல்ட்டை அதுதான் உடைச்சுதா, உங்க கையான்னு தெரியாதுங்க. இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்குவது போலிருந்தது அவளுக்கு.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் நம்பவே இல்ல," என்றார். "நீ அவ்வளவு ஆசையா ஓடி வந்தியேன்னு சிரிச்சேன். உனக்காகத்தான் ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

"இப்ப?"

"தெரியாதுன்னு சொல்றியே, இதை நம்புறேன்." அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். "ரெண்டு வருஷமா, என் கைதான் உடைச்சுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்னு நெனச்சுட்டிருந்தேன்."