பாத்தித் தண்ணீரில் நனைத்த பஞ்சு

என் மனைவி செல்வி இறந்த அன்று நான் செய்த காரியம் சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கிளியனூரில் நடந்த முகாமில் கண்தானத்துக்கு அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒருநாள் காலையில் மாரடைப்பில் போய்விட்டாள். அழுதுகொண்டே கண் வங்கிக்குப் போன் செய்தேன். "ஃபேனை நிறுத்துங்க, கண்ணை மூடி மேல ஈரப் பஞ்சு வைங்க, வந்துடறோம்" என்றார்கள்.

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவன். மீனோ மாங்காயோ, கெடாமல் இருக்க உப்புதான் போடுவோம். அவள் கண்ணும் கெட்டுவிடக் கூடாதே என்று பாத்திக்கு ஓடினேன். உப்பு விளைகிற தண்ணீரை மொண்டு வந்து பஞ்சை நனைத்து வைத்தேன்.

கண் எடுக்க வந்த பெண் பஞ்சைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தண்ணிங்க இது?"

"பாத்தித் தண்ணிம்மா. உப்புன்னா கெடாதுல்ல?"

அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் கண்களைக் கழுவினார்.

"கண்ணு ஆவுமாம்மா?"

"லேப்ல பார்த்தாத்தான் தெரியும்ணா. நல்ல தண்ணின்னு நாங்களே சொல்லியிருக்கணும்."

பிறகு நன்றிக் கடிதம் வந்தது. யாருக்காவது பொருத்தினார்களா இல்லையா என்று அதில் இல்லை. கேட்கவும் பயம். "கேட்டுட்டு செய்யக் கூடாதாய்யா" என்று செல்வி திட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்போது எங்கள் தெருவில் சாவு விழுந்தால், பாட்டிலில் குடிதண்ணீரோடு போய், கண்ணைக் கொடுக்கலாமா என்று வீட்டாரிடம் கேட்கிறேன். சரி என்றால், அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பஞ்சை நனைக்கிறேன்.