எலுமிச்சம்பழத்தில் ஏறிய லாரி

பொம்மைகளுக்கு விமர்சனம் சொல்கிறவள் நான் என்று யாரிடமாவது சொன்னால், முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு காதோரத்து நரையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு, "பசங்களுக்கா?" என்பார்கள். இல்லை, எனக்குத்தான். லாரி ஆளாக மாறும், விமானம் ஆளாக மாறும், சில சமயம் டைனோசர்கூட ஆளாக மாறும். அந்த ரோபோ பொம்மைகளைப் பிரித்து, மாற்றிப் பார்த்து, எந்த மூட்டு இறுக்கம், எந்தக் கை கழன்று விழுகிறது என்று கைப்பேசியைப் பார்த்துப் பேசி வீடியோ போடுகிறேன். ஊர் திருவண்ணாமலை. இங்கே ஒரு ஆள் சாமியாராக மாறுவதற்கு ஒரு காவித் துண்டு போதும், யாரும் எதுவும் கேட்பதில்லை. லாரி ஆளாக மாறினால் மட்டும் சிரிக்கிறார்கள்.

பழக்கம் மகனிடமிருந்து தொற்றியது. சின்ன வயதில் அவனுக்கு ஒரு ரோபோ வாங்கிக் கொடுத்தோம். அதை லாரியாக்கவும் அவனுக்குத் தெரியாது, ஆளாக்கவும் தெரியாது, அழத் தெரியும். சமையலுக்கு நடுவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான்தான் மாற்றிக் கொடுப்பேன். அவன் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நான் விடவில்லை. மார்பு திறந்து, உள்ளே மடங்கிக் கிடக்கும் தலை மேலே வந்து, 'டக்' என்று பூட்டிக்கொள்ளுமே ஒரு சத்தம், அதைக் கேட்டால் அன்றைய எரிச்சலெல்லாம் எனக்குப் போய்விடும்.

என் வீடியோக்களைப் பார்ப்பவர்கள் கம்மி. அதிலும் பாதிப் பேர் விரல் தவறிப் பட்டு உள்ளே வந்த சொந்தக்காரர்கள். என் நாத்தனார் ஒருமுறை, "நல்லா பேசறீங்க அண்ணி, ஆனா சமையல் போடலாமே" என்று கீழே எழுதியிருந்தாள். வத்தக்குழம்பு வைத்துக் காட்டுவதற்கு நாட்டில் ஆளா இல்லை? என் வீட்டுக்காரர் ஒரு வீடியோவைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. அவர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறார். வீட்டுக்கு யாராவது வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டால், "மாடியில விளையாடிகினு இருக்கா" என்று சொல்வார். கேலியாகக்கூட அல்ல, குளிக்கிறாள் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்வார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையில் இந்த மாதிரி பொம்மைகள் விற்கும் கடையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "மேடம், உங்க வீடியோ பார்த்தோம். மூட்டு மூட்டா பிரிச்சு சொல்றீங்க. புதுசு ஒண்ணு அனுப்பறோம், வந்த அன்னிக்கே பண்ணி அனுப்பிடுங்க. நல்லா வந்துச்சுன்னா இனிமே எங்க கடைக்கு நீங்கதான்" என்றார். மூட்டு மூட்டா சொல்றீங்க! நான் செய்வதை ஒரு வேலை என்று எண்ணி ஒரு மனிதர் பேசியது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். எனக்கு அந்தக் கடை வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டியிருந்தது.

பெட்டி வந்தது வெள்ளிக்கிழமை காலையில். சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு, உள்ளே இருப்பதைவிட மூன்று மடங்கு பெரிய பெட்டி. பிரித்தால் நடுவில் கைகால் கட்டிப்போட்ட லாரி, சுற்றிலும் உப்புச்சப்பில்லாத உதிரிகள். துப்பாக்கி ஒன்று, குழாய்க்கு வாஷர் போடுகிறவர் மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. கோடாரி ஒன்று, வெண்டைக்காயைக்கூட நறுக்காது. துப்பாக்கி முனையில் செருகுவதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நெருப்பு. அப்புறம் இரண்டு ஜோடி மாற்றுக் கைகள்: ஒன்று விரல் மடக்கிய குத்து, இன்னொன்று உள்ளங்கை விரித்தது. விரித்த கையை மாட்டினால் சண்டைக்காரன் ஆசீர்வாதம் பண்ணுகிறவன் ஆகிவிடுகிறான். கிரிவலப் பாதையில் இப்படிக் கையை விரித்து நிறுத்தினால் பௌர்ணமிக்குள் நாலு பேர் காலில் விழுந்துவிடுவார்கள். இதையெல்லாம் வீடியோவில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

ஆனால் மூட்டுகள்! மூட்டுகளைப் பற்றிக் கேலி பேச எனக்கு வாய் வரவில்லை. இடுப்பைத் திருப்பினால் உள்ளே பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக விழுந்து நிற்கிறது. முழங்கால் மடங்கும்போது பின்சக்கரம் தானாக உள்ளே ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு தடவை ஆளாக்கி, மறுபடி லாரியாக்கி, பூஜை அறைக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். பின்னால் மலை தெரிகிற மாதிரி மேஜையைப் போட வேண்டும், குரங்குகளை விரட்ட வேண்டும், வெயில் நிழல் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்துக் கீழே இறங்கினால் வீடு முழுக்கக் கற்பூர வாசனை.

வெள்ளிக்கிழமையானால் என் வீட்டுக்காரர் காருக்குப் பூஜை போடாமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பார். எங்கள் தெருவில் யார் சைக்கிள் வாங்கினாலும் இவர்தான் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார். அன்று காருக்கு முடித்துவிட்டு உள்ளே வந்தவர் கண்ணில் ஸ்டூல் மேல் நிற்கிற லாரி பட்டிருக்கிறது. புத்தம் புது லாரி, பூஜை போடாத லாரி. மனுஷனுக்குப் பொறுக்குமா?

நான் பார்த்தபோது லாரியின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நெற்றியோடு விட்டாரா? கதவு, டேங்க், சக்கரம், எங்கெங்கே இரண்டு தகடு சேருகிறதோ அங்கெல்லாம் ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அப்பியிருந்தார். கற்பூரம் சுற்றிய சூட்டில் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்று வாடித் தொங்கியது. லாரி தரையில் நின்றது. முன்சக்கரத்துக்கு அடியில், கொல்லையில் தேடிப்பிடித்த பிஞ்சு எலுமிச்சம்பழம். அவர் மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் லாரியின் முதுகில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, இன்னாங்க பண்றீங்க!"

"இரு இரு, பழம் நசுங்க மாட்டேங்குது. வண்டி வெயிட்டு கம்மியா இருக்குது" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். நான் உயிரை விட்டுக் கேட்கிற சத்தம்தான், ஆனால் தப்பான இடத்திலிருந்து வந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. லாரிதான் நசுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். மார்பு பாதி திறந்து, தலை எட்டிப்பார்த்தபடி நின்றுவிட்டது. ஒரு கை வெளியே வந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அத்தனையும் லாரி. உள்ளே ஒரு பல் முறிந்திருந்தது. மிச்ச மூட்டுகளில் சந்தனம் புகுந்து இறுகிக்கொண்டிருந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், வெந்நீர் விட்டேன், துடைப்பத்துக் குச்சியால் நோண்டினேன். அசைந்தால்தானே!

"பொம்மைக்குப் போயி யாராவது பூஜை போடுவாங்களா? மூளை இருக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"பொம்மைன்னு யாரு சொன்னா? நீதானே வேலை, வேலைன்னு சொல்லிகினு இருக்கே. வேலைக்கு வந்த வண்டிக்குப் பூஜை போடாம எப்படி எடுப்பாங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் என் வேலையை அவர் வேலை என்று மதித்தது அன்று ஒருநாள்தான். மதித்த கையோடு உடைத்தும் விட்டார்.

"பாதி வண்டி, பாதி ஆளு. நம்ம ஊரு சாமியே பாதி பாதிதானே" என்று சமாதானம் வேறு சொன்னார். சாமிக்கு இடுப்பில் பல் முறியவில்லை என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினேன்.

சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வேறு லாரி கிடையாது. சந்தனமும் குங்குமமுமாக இருந்ததை அப்படியே மேஜை மேல் வைத்து, நடந்தது நடந்தபடி பேசினேன். மூட்டின் அருமையைச் சொன்னேன், கோடாரியைக் கிழித்தேன், விரித்த கையைச் சொன்னேன். பேச்சு நடுவில் என் வீட்டுக்காரர் மேலே ஏறிவந்து, கேமராவுக்கு முன்னால் நின்று, தான் செய்ததில் தப்பே இல்லை என்று விளக்க ஆரம்பித்தார். வண்டிக்கு ஏன் எலுமிச்சம்பழம், எந்தச் சக்கரத்துக்கு முதலில், திருஷ்டி எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும், எல்லாம். "தள்ளுங்க" என்றேன். தள்ளவில்லை. வெட்டி ஒட்ட நேரமில்லாமல் அப்படியே அனுப்பிவிட்டேன். ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடைக்காரர் போன் செய்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "செம மேடம்! கடையில எல்லாரும் பார்த்துட்டோம். அண்ணன் பின்னிட்டாருங்க."

"யாரு?"

"அண்ணன்தான். அந்த எலுமிச்சம்பழ மேட்டர். இனிமே எல்லா பொம்மைக்கும் அண்ணன் பூஜை போட்டு ஆரம்பிக்கட்டும், அண்ணனே பேசட்டும். நீங்க கேமரா பார்த்துக்கோங்க."

"மூட்டைப் பத்தி நான் சொன்னது?"

"அது யாருக்குங்க வேணும்" என்றார், ரொம்ப மரியாதையாக.

அடுத்த பெட்டி என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது. அதற்கடுத்ததும். செங்கம் ரோட்டில் அவரை இப்போது ரோபோ அண்ணன் என்கிறார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரி அவரோடு நின்று படமெடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தின் தத்துவத்தைக் கேட்டிருக்கிறாள். இவரும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் இப்போதெல்லாம், "மாடியில வேலை நடக்குது" என்கிறார். வேலை!

அவருக்குப் பூஜை போடத் தெரியும், பேசத் தெரியும். மாற்றத் தெரியாது. எந்தக் காலை எந்தப் பக்கம் திருப்புவது என்று இன்றுவரை மண்டையில் ஏறவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு: முகம் அவருடையது, குரல் அவருடையது. லாரி ஆளாக மாறுகிற இடத்தில் பொம்மையைக் கிட்டத்தில் காட்டுவோம், அங்கே வருகிற கை என்னுடையது. "அண்ணன் கை என்னா ஸ்பீடு" என்று கீழே எழுதுகிறார்கள். இவர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மூட்டு என் கையில்தானே இருக்கிறது என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பார்க்கிறவர்களில் யாரோ, "அண்ணா, வளையல் சத்தம் கேக்குதே?" என்று எழுதிவிட்டார்கள். கடைக்காரர் இவருக்குப் போன் செய்திருக்கிறார். மறுநாள் மேஜை போட்டு, பழம் வைத்து, கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் நைசாகக் கிட்டே வந்தார்.

"இந்தா பாரு, ஒண்ணும் நினைச்சுக்காத. மாத்தற நேரத்துக்கு மட்டும் அந்த வளையலக் கழட்டி வெச்சுடேன்."

பிளாஸ்டிக் லாரிக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று சூடம் சுற்றுகிற மனுஷன். வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று என்னைத் திட்டுகிற மனுஷன்.

"ஏங்க, வண்டிய வெறும் சக்கரத்தோட எடுக்கக்கூடாது. பொண்டாட்டி மட்டும் வெறுங்கையோட இருக்கலாமா? நீங்க குத்துக்கல்லாட்டம் உசிரோட நிக்கறப்ப?"

அவர் முகம் செத்துவிட்டது. கற்பூரத்துக்குக் கிழித்த தீக்குச்சி விரலைச் சுட்டதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "ஐயோ, நான் அப்படி நினைக்கல" என்றார். நினைத்திருக்கமாட்டார், எனக்கும் தெரியும். இவரோ கடைக்காரரோ யாருமே என்னை நினைக்கவில்லை, அதுதான் என் ஆத்திரம்.

கீழே இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, பெரிய கோபுரத்துக்கு எதிரே இருக்கிற வளையல் கடைக்குப் போனேன். இரண்டு கைக்கும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டேன், பச்சையும் சிவப்புமாக. கடைக்காரம்மா, "வளைகாப்பா, யாருக்கு?" என்று என் நரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். லாரிக்கு என்றேன்.

அன்றைய வீடியோவில் அவர் பேசிய எலுமிச்சம்பழ விளக்கம் எதுவும் சரியாகக் கேட்கவில்லை. மார்பு திறக்கிறபோதும், கை நீள்கிறபோதும், தலை மேலே வந்து 'டக்' என்று பூட்டுகிறபோதும், கேட்டதெல்லாம் வளையல் சத்தம்தான்.