இடது முன்சக்கரத்துப் புஷ்

அந்தக் கார் எங்களிடம் வந்தபோதே அதற்கு வயதாகியிருந்தது. வெள்ளைப் பூச்சு வெயில் பட்டுப் பட்டு மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் கணவர் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வடமதுரைப் பக்கமோ சின்னாளப்பட்டிப் பக்கமோ ஒரு வேலையும் இல்லாமல் காரில் போய்வருவோம். சாலையோரப் புளியமரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி மடியில் விழும். பாதித் தூக்கம் போல ஒரு கிறக்கம் வரும். அந்தக் கிறக்கத்தில்தான் நான் நிறையப் பேசுவேன். அவர் சாலையைப் பார்த்தபடி மெல்லச் சிரிப்பார், தலையாட்டுவார். வாய் பேசாவிட்டாலும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிற மனிதர் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆனபின் ஒரு கோடையில், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் என் காலடியில் டொக் டொக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

“ஏங்க, என்னமோ தட்டுது. கேக்குதா?” என்று அவர் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

“ஒண்ணும் தட்டல.”

அடுத்த வாரமும் தட்டியது. மறுபடி தோளை உலுக்கினேன். “அம்புட்டுச் சத்தமா இருக்கு, உங்களுக்குக் கேக்கலையா?”

“உனக்குத்தான் எல்லாமே கூடக் கேக்கும்” என்று சிரித்தார். தன் காரைக் குறை சொன்னால் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானும் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது. அதை அவர் கைகள் உணர்ந்தன. உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் குனிந்து ஒரு கம்பியால் நெம்பிப் பார்த்தார். “லோயர் ஆர்ம் புஷ் செத்துப்போச்சு சார்” என்றார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே, குலுக்கலை வாங்கிக்கொள்ள இருக்கும் ரப்பர் உருளை அது. வெடித்து வாய் பிளந்து கிடந்தது.

வீட்டிலேயே மாற்றிக்கொள்வதாக இவர் சொன்னார். புது புஷ்களை என் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரர் இவருக்கு இடது பக்கம் வந்து நின்றார். “சார், வண்டி தூக்கியிருக்கையில போல்ட்ட முழுசா முடுக்கிராதீங்க. கீழ எறக்கி, வெயிட்டு சக்கரத்துல உக்காந்தப்பறம் முடுக்கணும். இல்லன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டு சீக்கிரமே கிழிஞ்சிரும்.”

பின்னால் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு போனது. இவர் மெல்லச் சிரித்துத் தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம், வீட்டு வேப்பமரத்தடியில் வேலை தொடங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, தடித்த மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார். இரும்புக் கையை உருவி வைஸ் இடுக்கியில் பிடித்து இறுக்க இறுக்க, பழைய புஷ் கருகிய தோசை விளிம்பு போல உதிர்ந்துகொண்டே வெளியே வந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளே ஏற்றினார். ரப்பர் வாசமும் சோப்பு வாசமும் சேர்ந்து அடித்தன. கரண்ட் இல்லை. தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைத்த சக்கரத்தின் மேல் வேப்பம்பூ உதிர்ந்தது. தொலைவில் சிறுமலை வெக்கையில் நீலமாகக் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்பது போலத் தெரிந்தது. ஸ்பானரை எடுத்துக் கொடுத்தபடி சாக்கில் உட்கார்ந்திருந்த எனக்கும் கண் சொக்கியது.

இரும்புக் கையை மறுபடி பூட்டியதும் அவர் வண்டிக்கடியில் வலது காது சாக்கில் அழுந்த ஒருக்களித்துப் படுத்து, போல்ட்டைப் பலம் கொண்டமட்டும் முடுக்கத் தொடங்கினார்.

“ஏங்க, எறக்கிட்டுத்தான முடுக்கணும்?”

அவர் முடுக்கிக்கொண்டே இருந்தார். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது முறை சத்தமாகவே கூப்பிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தேன். நாலு தெரு தள்ளிப் போகும் ஐஸ் வண்டியின் மணி எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் காலைத் தொட்டேன். திடுக்கிட்டு வெளியே வந்தார்.

“மூணு தடவ கூப்ட்டேன்.”

“கேக்கலையே.”

“எறக்கிட்டு முடுக்கணும்னு கடைக்காரர் சொன்னாருல்ல?”

“எப்பச் சொன்னாரு?”

நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் வலது காதை என் உள்ளங்கையால் பொத்தினேன். கண்ணை மூடிக்கொள்ளும்படி சைகை காட்டினேன். இடது காதருகே குனிந்து அவர் பெயரைச் சொன்னேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

கண்ணை மூடியபடியே காத்திருந்தார். “ம், சொல்லு” என்றார்.

நான் சொல்லி முடித்திருந்தேன்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. பிறகு அவர் போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, கடைக்காரர் சொன்னபடியே முடுக்கினார். “ரொம்ப நாளாவே ஃபேன் சத்தம் ஒரு பக்கமாத்தான் கேட்டுச்சு. வயசாகுதுன்னு விட்டுட்டேன்” என்றார், கையைத் துடைத்தபடி.

காரில் நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

“ரெண்டு வருசம் முன்ன ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்கு எச்.எம். வேல வந்துச்சு. வேண்டாம்னு எழுதிரட்டான்னு கார்ல கேட்டேன். தலையாட்டுனீங்க” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “நானா? போன்னுல்ல சொல்லியிருப்பேன்!”

இரண்டு வருடம் அந்தத் தலையாட்டலை மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருந்தேன். முதலில் அழுதேன். பிறகு அவர் விழித்த விழியைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். இடது காதின் நரம்பு தேய்ந்துவிட்டது, இனித் திரும்பாது, வலது காது நன்றாக இருக்கிறது என்றார். வீடு திரும்பியதும் இவர் சாவியை என் கையில் வைத்தார். “நீ ஓட்டக் கத்துக்க. நான் அந்தப் பக்கம் உக்காந்தா நல்ல காது உன் பக்கம் இருக்கும்ல.”

விடிகாலைகளில் எரியோட்டுச் சாலையில் பழகினேன். பள்ளங்களில் வண்டி பூப்போல இறங்கி ஏறியது. மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் என் கைக்கு வந்தன. மூடுபனிக்குள் முருங்கைத் தோட்டங்கள் மிதந்து வரும். நான் ஏதாவது சொல்வேன். இவர் உடனே, “அது அப்படி இல்ல” என்று ஆரம்பிப்பார். என் தங்கை வீட்டு விஷயம், பள்ளிக்கூட விஷயம், குழம்புக்குப் புளி போதவில்லை என்பது வரை, எதற்கும் அவரிடம் ஒரு மறுப்பு இருந்தது. பேசாத மனிதர் என்று யாரை நினைத்தேனோ அவர் ஓயாமல் பேசினார். ஒருநாள் வடமதுரை வரை சண்டை போட்டுக்கொண்டே போய், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, வெகுதூரம் போய்விட்டோம்.