ஊரே ‘இல்லை’ என்று சொன்ன பெண்

அறுபத்தெட்டாம் வருடம் ஆவணி மாதத்தில், போலீஸ் கணக்குப்படி நான் இந்த உலகத்திலேயே இல்லை. ஏட்டையா அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். அன்பானவர்களே, நீங்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயர் ரோஸ்மேரி. வீட்டில் ரோசு. பொம்மிடி ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். எல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள், காடு கழனியில் வேலை செய்கிறவர்கள். சேலத்தில் மடத்து விடுதியில் தங்கிப் படித்து, அந்த ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். மடத்துச் சிஸ்டர்கள் மூலமாகவே ஜெர்மனியில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. முதலில் ஜெர்மன் மொழி படிக்க வேண்டும். பாஷை வந்த பிறகுதான் நர்ஸ் பயிற்சி.

மடத்து மதர் விதிகளை எல்லாம் விளக்கிச் சொன்னார். மொழி படிக்கப் போகிறவளுக்கு மாணவர் விசாதான் தருவார்களாம். பள்ளிக்கூடம் என்னைச் சேர்த்துக்கொண்டதற்குக் கடிதம் காட்ட வேண்டும். அங்கே சாப்பாட்டுக்கும் தங்கவும் யார் பொறுப்பு என்று காட்ட வேண்டும். நெஞ்சை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதையெல்லாம் மடம் பார்த்துக்கொண்டது. ஆனால் விசா முத்திரை குத்தப் பாஸ்போர்ட் வேண்டுமே! பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். அக்டோபரில் வகுப்பு. அதற்குள் போகாவிட்டால் கடிதம் செல்லாது, கடிதம் செல்லாவிட்டால் விசா கிடையாது, என் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும்.

விசாரணைக்கு ஏட்டையா சைக்கிளில் வந்த அன்று, நானும் அப்பாவும் எக்ஸ்ரேவுக்காகச் சேலம் போயிருந்தோம். அது மதுவிலக்குக் காலம். ஊருக்குள் காக்கிச்சட்டை நுழைந்தால் அது சாராயத்துக்குத்தான். யார் பெயரைக் கேட்டாலும் ‘தெரியாதுங்க’ என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். சாராயத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அதை யார் நின்று யோசித்தார்கள்! ஏட்டையா கிணற்றடியில் கேட்டார், தெரியாது. களத்தில் கேட்டார், தெரியாது. எதிர்வீட்டு சவேரியம்மா அத்தை, தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள், இன்னும் ஒரு படி மேலே போனாள். “அப்பிடி ஒரு பொண்ணு இந்த ஊர்ல பொறக்கவே இல்லீங்க.”

நாங்கள் திரும்பி வந்ததும் அத்தை வாசலுக்கே ஓடி வந்தாள். முகமெல்லாம் பெருமை.

“ரோசு, உன்னத் தேடிப் போலீசு வந்துச்சுடி. காப்பாத்திட்டன்!”

விடிந்ததும் அப்பாவும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ஏட்டையா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்து ஊரே இல்லேன்னுச்சு. இன்னிக்கு ஒரு பொண்ணக் கூட்டியாந்து, இவதான் அந்த ரோஸ்மேரின்றே. யாரு பேர்ல யாரய்யா வெளிநாட்டுக்கு அனுப்பப் பாக்கறே?”

அப்பா பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டை நீட்டினார். “பேப்பரு யாரோடதா வேணா இருக்கலாம்” என்று ஏட்டையா அதைத் தொடவே இல்லை. விஷயம் தெரிந்து ஊர்ச்சனம் மொத்தமும் ஸ்டேஷனுக்குப் போய், “இருக்காங்க, அவ எங்க வூட்டுப் பொண்ணுங்க” என்று கெஞ்சியது. “நேத்துப் பொய் சொன்ன வாய்தானே இது?” என்று ஏட்டையா கேட்டார். பங்குச் சாமியார் மாற்றலாகி வந்து சில நாள்தான், அவருக்கு என் முகமே தெரியாது. மதரைத் தேடி ஆள் அனுப்பினோம். அவரோ மெட்ராஸ் போயிருந்தார். அந்த வாரமே ரிப்போர்ட் மேலே போய்விடும் என்றார்கள்.

எனக்கு முன்கோபம் உண்டு. கோயிலுக்குப் போய்ப் புதுமை அந்தோனியாரோடு சண்டையே போட்டேன். “ஊர்ல காணாமப் போன ஆட்டையெல்லாம் தேடிக் குடுக்கறீரே, நான் என்ன ஆட்டவிடக் கேவலமா?” கத்திவிட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அந்தோனியாருக்கு நவநாள் ஜெபம். எங்கள் ஊர்க் கோயிலில் ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராக வாய்விட்டு மன்றாடுவது வழக்கம். மாட்டுக்குச் சீக்கு, மகளுக்கு வரன், மருமகளோடு மனத்தாங்கல் என்று ஊர்க்கதை முழுக்க அங்கே வெளியே வந்துவிடும். அன்றைக்கு யாரும் தங்கள் கதையைச் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் என் பெயர்தான். வெளியே திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அத்தை முழங்காலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

“அந்தோனியாரே, லூர்துசாமி மவ ரோஸ்மேரி. என் கையால சோறு ஊட்டுன புள்ள. போலீசுகிட்ட இல்லேன்னு சொல்லிட்டன் பாவி. உங்கிட்ட சொல்றன், அவ இருக்கா. இங்கியே என் பக்கத்துல இருக்கா. அவளப் படிக்க அனுப்புய்யா.”

“யாரும்மா அந்த ரோஸ்மேரி?”

பின்னாலிருந்து குரல். திரும்பினோம். வாசற்படியில் ஏட்டையா, தொப்பி கையில், உடம்பெல்லாம் நீர் சொட்ட நின்றார். வேறெங்கோ போய்க்கொண்டிருந்தவர், மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். பழக்கதோஷம் லேசில் விடுமா? முன்னால் இருந்த பெரியவர் ஒருவர் “அப்பிடி யாரும்...” என்று ஆரம்பித்துவிட்டார். அத்தை பாய்ந்து அவர் வாயைப் பொத்தி, இன்னொரு கையால் என்னை முன்னே தள்ளினாள்.

ஏட்டையா என்னைப் பார்த்தார். அவர் நம் கிறிஸ்தவ வேதத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் குரல் தணிந்துதான் பேசினார்.

“எங்கிட்டப் பொய் சொல்வாங்க, அது எனக்குப் பழக்கம். சாமிகிட்டப் போயி, இல்லாத புள்ளைக்கு யாரும் வேண்டிக்க மாட்டாங்க. நாளைக்கு வரேன். ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். இந்த வாட்டியாவது இருக்கான்னு சொல்லுங்க.”

இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மழை கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தால்? அத்தை மனதுக்குள்ளேயே ஜெபித்திருந்தால்?

பாஸ்போர்ட் வந்தது. மெட்ராஸ் தூதரக ஆபீசில், படிப்பு முடியும்வரை சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது, பயிற்சிக்கு மாறும்போது அங்கே புது அனுமதி வாங்க வேண்டும் என்று எச்சரித்து முத்திரை குத்தினார்கள். வகுப்பு தொடங்குமுன் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பாஷை என் நாக்கைப் பிழிந்து எடுத்தது. ஆனாலும் கற்றேன், நர்ஸ் ஆனேன். அங்கே ஆஸ்பத்திரியில் ஆதரவற்றுக் கிடந்த எத்தனையோ பேர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பாஷையிலேயே அவர்களுக்காக வாய்விட்டு ஜெபித்திருக்கிறேன். இறைவனுக்குக் கோடி நன்றி.

சகோதர சகோதரிகளே, உங்களையும் எங்காவது யாராவது ‘இல்லை’ என்று எழுதி வைத்திருக்கலாம். கலங்காதீர்கள். வெட்கப்படாமல் வாயைத் திறந்து கேளுங்கள். கடவுள் கேட்பார். வேறு யார் காதில் விழ வேண்டுமோ, அவரையும் நனைத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்.