பிச்சைக்காரன் வேஷம் யாருக்கு

எங்கள் தெருக்கோடி வீட்டுக் கோணியூசி முறைத்தால் ஓடுகிற லாரி நின்றுவிடும். சரி, நின்றது ஒரே ஒரு லாரி. அதிலும் டீசல் தீர்ந்திருந்தது. ஆனால் அவள் கோபக்காரி என்பதில் பொய் இல்லை.

கல்யாணமான மறுமாதமே தானிய மண்டியில் மூட்டை தைக்க உட்கார்ந்தவள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்; அவள் நாக்கும் அதற்கு ஒரு காரணம். புருஷன் போன பிறகு அவள் வீட்டில் உலை கொதித்ததே அந்த ஊசியால்தான். போன மாதம் நகச்சுத்து வந்து கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. விரல் ஆறும்வரை வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்க மண்டிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"சாப்பிடற நேரத்துல வாசல்ல வந்து நிக்காதம்மா. விரல் ஆறட்டும், பாப்போம்."

விரல் ஆறியது. போய்ப் பார்த்தால் அவள் இடத்தில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கோயிலில் நாடகம் வந்தது. பைபிளில் கர்த்தர் சொன்ன உவமை: தினமும் விருந்து தின்கிற பணக்காரன், அவன் வாசலில் புண்ணோடு கிடக்கிற பிச்சைக்காரன். செத்த பிறகு பிச்சைக்காரனுக்கு மோட்சம், பணக்காரனுக்கு நெருப்பு. மண்டிக்காரர் மேடைச் செலவை ஏற்றுக்கொண்டு, பிச்சைக்காரன் வேஷத்தையும் எடுத்துக்கொண்டார். அரிக்காமல் இருக்க உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்த கோணி உடுப்பு. புண்ணுக்குப் பழ ஜாம். வருஷம் முழுக்கப் பணக்காரராம், மோட்சம் என்றதும் ஏழையாம்! எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெருப்பில் வேகிறவன் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கோணியூசியைக் கூப்பிட்டார்.

"ஒட்டு மீசை வெச்சுக்கிட்டு நீ நடிச்சுடு. திங்கக்கிழமையே உன் இடத்துக்கு வந்துடலாம்."

"நெஜமாவா மொதலாளி?"

"கோயில்ல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லுவனா?"

வேலை வேண்டுமே, ஒத்துக்கொண்டாள்.

நாடகத்தன்று மேசைமேல் நிஜ ரொட்டியே வைத்திருந்தார்கள். மண்டிக்காரர் தவழ்ந்து வந்து கையேந்தினார்.

"ஐயா, பசிக்குது. கீழ விழற துணுக்காவது..."

அவள் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியில் அவள் பங்கு அவ்வளவுதான். திருப்பவில்லை. மீசையைப் பிய்த்துப் போட்டாள்.

"சாப்பிடற நேரத்துல வாசல்ல வந்து நிக்காதய்யா. புண்ணு ஆறட்டும், பாப்போம்."

பின்வரிசையில் இருந்த மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். மண்டிக்காரர் தன் வேஷத்தை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

"திங்கக்கிழமை மண்டிப் பக்கம் வந்து பாரு, காலை ஒடைக்கிறேன்!"

"நான் எங்க வர்றது? நான்தான் நரகத்துக்குப் போறேனே!"

வேலை போயிற்று. போகட்டும். அந்த ரொட்டியை எடுத்து அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள் பாருங்கள், அந்த ஒரு எறிக்கு...

இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியபோது கோணியூசி குறுக்கிட்டாள்.

"எறியல பெரியம்மா. வீட்டுல அடுப்பே எரியாம கெடந்தது. அங்கயே நின்னு முழுசையும் தின்னுட்டுத்தான் மேடைய விட்டு எறங்கினேன்."